மனையும் மிகுபொருள் விரும்பாமையும்

வீடு என்னும் சொல் தமிழில் நாம் குடியிருக்கும் மனையையும் குறிக்கும். பற்றனைத்தும் விடுத்தோர் எய்தும் முத்தியையும் குறிக்கும். தாம்பரம், சேலையூர்ப் பகுதிகளில் வாடகைக்குக் குடியிருக்கும் இளங்குடும்பத்தினர் சிலர், சொந்த மனை தேடுவது மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு முரணாகாதா என நம்மை வினவுகின்றனர். சிந்திக்கத்தக்க வினாவே.

ஆசாரியர் உமாஸ்வாமி, தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், பொருளின்மேல் கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் எனக் காட்டுகிறார். இல்லறத்தார் வரையறை செய்துகொள்ள வேண்டியவற்றுள் நிலமும் வீடும் அங்கு முதலில் நிற்கின்றன. வரையறுக்கச் சொன்னாரேயன்றி இல்லறத்தாரை விலக்கச் சொன்னாரல்லர். ஆகவே, எவ்வழியில் அடைகிறோம், எவ்வளவில் நிற்கிறோம் என்பனவே நம் வினாக்கள்.

1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தாம்பரம், 2021இல் மாநகராட்சியாயிற்று. இங்கு மனை விலை, மாத ஊதியத்தார் தனித்து எட்டும் நிலையில் இல்லை. இத்தகையோர்க்காகவே இலாபம் கருதாத கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் தோன்றின. அடையாறு காந்தி நகர் அத்தகைய சங்கமொன்றின் முயற்சியால் உருவானதே. சங்கத்தில் கடன் பெறுபவர் இரவலர் அல்லர். பங்குத்தொகை செலுத்திய உறுப்பினர். எனவே உதவி பெறுதல் இழிவன்று. ஆயின், தவணையைச் செலுத்த இயன்றும் நிறுத்திவிட்டுத் தள்ளுபடி வருமெனக் காத்திருத்தல் எத்தகையது? அத்தொகை திரும்பினாலன்றோ அடுத்த குடும்பத்திற்குக் கடன் கிட்டும்? அது கள்ளாமைக்கு இழுக்கேயாகும்.

இனிப் பொய்யாமை. கொடுத்த விலையைக் குறைத்துப் பத்திரத்தில் எழுதுவது ஊர்வழக்கமாகிவிட்டது. விற்பவர் வற்புறுத்தினால் என் செய்வது? மறுத்தால் விரும்பிய மனை கைநழுவலாம், அவ்விழப்பு சிறிதன்று. எனினும் பிள்ளைகள் வளரவிருக்கும் இல்லத்தின் முதல் ஏட்டிலேயே பொய்யை எழுதலாமோ? உலகியல் நோக்கிலும் அது நன்றன்று. பத்திர மதிப்பை ஒட்டியே கடன் கிடைக்குமாதலின், குறைத்து எழுதிய தொகைக்கு வேறிடத்தில் மிகுவட்டிக்குக் கடன்பட நேரும்.

கொல்லாமையும் இங்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட துயரை நாம் மறக்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நீர்வழியை அடைத்து எழும் மனை, அங்கு வாழும் எண்ணற்ற உயிர்களை அழிப்பதோடு, வெள்ளத்தை அயலார் இல்லத்துள்ளும் செலுத்துகிறது. மலிவென்று அத்தகைய நிலத்தை வாங்குதல் அறமன்று.

பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் செல்லலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் கற்பிக்கப்பெறும் முதற்பாடம். மனை வாங்குவோர்க்கும் அது பொருந்தும். செலுத்தவிருக்கும் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வேறுபாட்டை ஓராண்டு மாதந்தோறும் சேமித்துப் பாருங்கள். இயன்றால் கடன் தாங்கும். இயலாவிடில் சிறிய மனையை நாடுங்கள். மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அடுக்ககமாயின், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியுள்ளதா எனவும் பாருங்கள்.

இவற்றோடு, முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கணவனும் மனைவியும் கூடியமர்ந்து, "குடியிருக்க இவ்வொன்று போதும்" என வரையறை செய்துகொள்ளுதல் நலம். வாங்கிய பின்னர் விலை ஏறும். ஏறிய விலை அடுத்த மனைமேல் ஆசையை எழுப்பும். ஆசை எழுவதற்கு முன் கொண்ட விரதமே அப்போது துணை நிற்கும்.