சூடத்தின் மேல் செய்த சத்தியம்

காசை வாங்கிக்கொண்டு, சூடத்தில் அடித்துச் சத்தியமும் பண்ணிவிட்டு, ஓட்டை வேறு சின்னத்துக்குப் போட்டால் சாமி குத்தம் ஆகுமா? சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். புரட்டாசியில் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறேன். அதனாலேயே பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்கள், தர்மம் எது என்று டீச்சருக்குத் தெரியும் என நம்புகிறார்கள். இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கும் கேட்டுவிட்டார்கள். நின்ற வாக்கில் சொல்லி அனுப்பக்கூடிய பதில் இல்லை இது. உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன்.

நடப்பது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய ராத்திரிகளில், ஊர் அடங்கிய பிறகு, கதவைத் தட்டுகிறவர் அந்நியராக இருக்க மாட்டார். தெருவில் எல்லோருக்கும் அண்ணாச்சி முறையோ மாமா முறையோ ஆகிறவர்தான். கையில் ஒரு தாம்பாளம். அதில் மஞ்சள், ஒரு கட்டிச் சூடம், இருக்கன்குடி மாரியம்மன் படம், படத்துக்கு அடியில் உறை. சூடத்தைக் கொளுத்தியதும், "ஆத்தா மேல சத்தியமா நம்ம சின்னத்துக்குத்தான்னு சொல்லு தாயி" என்பார். அவள் கையை நீட்டுவாள். அந்தக் கையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எத்தனை தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் ரேகைக்குள் புகுந்த அலுமினியப் பொடி போகாது. சூடத்தின் வெளிச்சத்தில் உள்ளங்கைக் கோடுகள் வெள்ளியாக மினுக்கும். ஒரு மணி நேரம் கழித்து எதிர்க்கட்சித் தட்டு வரும். அதிலும் அதே ஆத்தா படம். "ரெண்டு தட்டுலயும் கை வச்சாச்சு டீச்சர், ஆத்தா எதைக் கணக்குல வைப்பா?" என்று முன்பு சரவெடி பின்னிய ஒருத்தி கேட்டபோது அவள் கண்ணில் இருந்தது உண்மையான பயம்.

இது எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் இருக்கும் திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குக் காசு கொடுக்கும் முறைக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் இதற்காகவே ரத்தானது. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டும் குற்றம் என்கிறது சட்டம். ஆனால் என் திண்ணைக்கு வருகிறவர்கள் சட்டத்தைக் கேட்டு வரவில்லை.

அவர்களுக்குக் கட்சிகள் மேல் நம்பிக்கை போய் வெகு காலமாயிற்று. 1967-இலிருந்து இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டுவிட்டன. பட்டாசுத் தொழிலைக் காப்போம் என்று சொல்லாத கட்சி எங்கள் மாவட்டத்தில் கிடையாது. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபோது, சரம் பின்னியே பிள்ளைகளை வளர்த்த பெண்கள் ஒரே நாளில் வேலை இழந்து நின்றார்கள். மேடையில் பேசியவர்களில் எவரும் அவர்களுக்கு மாற்று வேலை என்ன என்று சொல்லவில்லை. பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் எல்லாக் கட்சிக் கொடியும் ஊருக்குள் வரும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். அச்சங்குளம் விபத்துக்கும் அந்த ஆண்டு வாக்குப்பதிவுக்கும் இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. வராத தலைவர் இல்லை, அறிவிக்காத நிவாரணம் இல்லை. ஆனால் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டு, நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் ஆளை உட்கார வைத்து, மருந்து கலக்கும்போது உராய்ந்து வெடிக்கிற அந்த ஏற்பாடு மட்டும் எந்த ஆட்சியிலும் நிற்கவில்லை. "எவன் வந்தா என்ன, நாம மருந்துக்குள்ளதான கை வைக்கணும்" என்கிறார்கள். இதைச் சலிப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பார்த்துப் பார்த்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவு அது.

அயர்லாந்தில் செவிலியராக வேலை பார்க்கும் என் தம்பி மகள் போனில் சொன்னதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அங்கேயும் உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்றவர்களின் வழிவந்த இரண்டு பெரிய கட்சிகள், ஃபியனா ஃபாலும் ஃபினா கேலும், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மாறி மாறி ஆண்டன. 2020-இல் இரண்டும் சேர்ந்தே ஆட்சி அமைத்தன. 2024 நவம்பர் தேர்தலில் வாக்குப்பதிவு 60 விழுக்காட்டைத் தொடவில்லை. நம்பிக்கை போனவர்கள் அங்கே வீட்டில் இருந்துவிட்டார்கள். இங்கே 70 விழுக்காட்டுக்கு மேல் வரிசையில் நிற்கிறோம். கட்சி மேல் நம்பிக்கை இருந்துதான் நிற்கிறோம் என்று நான் நினைக்கவில்லை. ஆத்தா மேல் நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அதைக் கட்சிக்காரர்கள் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். காசு வாங்கிய பெண்ணைக் கேவலமாகப் பேசுகிற படித்தவர்கள் இதை யோசிக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாள் என்று அவளை நம்பித்தான் அந்தத் தட்டே வருகிறது. அந்த ராத்திரியில் அந்தத் தெருவில் நாணயமானவள் அவள் ஒருத்திதான்.

இனி கேள்விக்கு வருகிறேன். முதலில் வருவது செஞ்சோற்றுக் கடன். பாரதம் வாசிக்கும்போது கர்ணன் கட்டத்துக்கு வந்தால் எங்கள் பெண்கள் அழாமல் எழுந்து போனதில்லை. உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தானே, நாமும் வாங்கிய காசுக்கு ஓட்டைக் கொடுப்பதுதானே முறை என்பது அவர்கள் வாதம். துரியோதனன் கர்ணனுக்கு அங்க தேசத்தைக் கொடுத்தது நிறைந்த சபையில். குலம் கேட்டு அவனை அவமானப்படுத்திய நேரத்தில், அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று முடிசூட்டினான். கர்ணன் பட்டது அந்த மரியாதைக்கான கடன். ஓட்டுக்கு முதல் நாள் இருட்டில் உறை நீட்டுகிறவர் எந்த மரியாதையைத் தருகிறார்? அச்சங்குளத்தில் செத்தவர்களுக்காகச் சபையில் எழுந்து நின்றாரா?

என் அம்மா இதைப் பாரதம் இல்லாமலே தெரிந்துவைத்திருந்தாள். 1967-இல் விருதுநகர் தொகுதியில் காமராஜர் நின்றார். எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்ததும், நான் அங்கே மதியச் சோறு சாப்பிட்டுப் படித்ததும் அவர் முதலமைச்சராக இருந்து செய்தவற்றால்தான். அம்மா அவரை வாய் நிறைய ஐயா என்பாள். அப்போது அரிசிப் பஞ்சம். அம்மா அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் காமராஜர் தோற்றார் என்று செய்தி வந்த அன்று அவள் சமைக்கவில்லை. அப்பா கேட்டதற்கு, "நன்றி இருக்கு, அது நான் சாகுற வரைக்கும் இருக்கும். அரிசி இல்லேங்கறத அவுகளுக்கு வேற எப்படிச் சொல்றது?" என்றாள். நன்றியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓட்டை ஊரின் நிலைக்காகப் போடலாம் என்பதை நான் கற்றது அவளிடம். காமராஜருக்கே ஓட்டு கடனாகவில்லை என்றால், உறை கொடுத்தவருக்கு எப்படிக் கடனாகும்?

சத்தியம் என்று வந்தால் எங்கள் ஊர் வழக்கத்துக்கே ஒரு இலக்கணம் இருக்கிறது. நகை காணாமல் போனது, வரப்பு நகர்ந்தது என்று தகராறு வந்தால், ஊர் கூடி, பகலில், கோயில் வாசலில், பழி சுமத்தப்பட்டவர் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுவார். நடந்ததை மறைக்கவில்லை என்பதற்கு அந்தச் சத்தியம். ஊர் அத்தனையும் சாட்சி. நேர்த்திக்கடனோ, தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் தானாக நேர்ந்துகொள்வது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடக்கிறவர்களில் யாரும் அடுத்தவர் சொல்லி நேர்ந்துகொண்டவர் இல்லை. ஊருக்குத் தெரியாமல், தனக்கு ஆதாயம் தேடுகிறவரே வார்த்தையைச் சொல்லிக்கொடுத்து, கையைப் பிடித்து வைக்கிற சத்தியத்துக்கு நம் வழக்கத்தில் இடமே கிடையாது. அதை ஆத்தா மேல் ஏற்றுவதுதான் சாமி குத்தம். அந்தக் குத்தம் தட்டைத் தூக்கி வந்தவரைச் சேரும்.

இதை விடவும் கனமான சத்தியத்தைக் கண்ணனே முறிக்கச் சொன்ன இடம் கர்ண பருவத்தில் இருக்கிறது. காண்டீவத்தை வேறொருவனிடம் கொடு என்று யார் சொன்னாலும் அவரைக் கொல்வேன் என்பது அர்ச்சுனன் தனக்குள் எடுத்துக்கொண்ட சபதம். காயம்பட்டுப் பாசறையில் கிடந்த தருமன் ஆத்திரத்தில் அதையே சொல்லிவிட, அர்ச்சுனன் வாளை உருவிவிட்டான். கண்ணன் அவனைத் தடுத்து, கௌசிகன் கதையைச் சொல்கிறான். உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்ட அந்த முனிவன், பயந்து ஓடி ஒளிந்தவர்கள் போன வழியைக் கொள்ளைக்காரருக்குக் காட்டிக்கொடுத்தான். அவர்கள் செத்தார்கள், முனிவன் நரகத்துக்குப் போனான். வாக்குத் தவறவில்லை என்பது அவனைக் காப்பாற்றவில்லை. பிறகு கண்ணன், தருமனை 'நீ' என்று ஒருமையில் பேசிவிடு, பெரியவருக்கு அதுவே சாவு என்று அர்ச்சுனனுக்கு வழி சொல்கிறான். தீங்கு பயக்காத சொல்தான் வாய்மை என்று வள்ளுவரும் அதே திசையில்தான் நிற்கிறார். என் ஓட்டால் அடுத்த அறையில் மருந்து அடைக்கிறவள் உயிருக்கு ஆபத்து தொடரும் என்றால், அந்த வாக்கைக் காப்பது கௌசிகன் செய்த வேலை.

பெண்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. "யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சிருவாகளே டீச்சர்." ஒருவர் ஓட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாக்குச்சாவடி வாரியாக எண்ணி வெளியிடுவதால், எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரிந்துவிடும். பல சாவடி எந்திரங்களின் ஓட்டுகளை மொத்தமாகக் கூட்டிக்காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. சூடத்தின் பாதி பலம் இதில்தான் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தைக் கேட்டு எங்கள் மாவட்டத்தில் எந்தக் கட்சியும் மேடை ஏறி நான் பார்த்ததில்லை.

நோட்டாவைப் பற்றியும் கேட்கிறார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த உரிமை அது. மனம் ஒப்பினால் போடலாம். எத்தனை நோட்டா விழுந்தாலும் மிச்சத்தில் அதிகம் வாங்கியவரே ஜெயிப்பார் என்பதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

இவ்வளவையும் போன வாரம் திண்ணையில் சொல்லி முடித்தேன். "அப்ப சாமி குத்தம் இல்லேங்கறீங்க. சரி, யாருக்குத்தான் போடுறது?" என்று கேட்டாள் முன்பு சரம் பின்னியவள். கட்சிப் பெயர் சொல்ல மாட்டேன் என்றேன். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் உள்குத்தகையை நிறுத்த என்ன செய்வீர்கள், வெடித்த ஆலையின் உரிமம் என்ன ஆகும், சரவெடி போன பிறகு எங்களுக்கு வேலை எது என்று வாசலில் வைத்துக் கேளுங்கள். மழுப்புகிறவரின் தட்டு ராத்திரி வந்தால் கதவைத் திறக்காதீர்கள் என்றேன். இரண்டு பேர் சரி என்றார்கள். மருந்து அடைக்கிற பெண் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "அது நாலு நாள் கூலி டீச்சர். நான் வாங்கத்தான் செய்வேன். ஓட்டை என் இஷ்டத்துக்குப் போடுவேன்" என்றாள். வாங்காமல் இருப்பதே நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். அவளிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.