வெட்டி வேலையும் தன்னார்வமும்

கூலி வாங்காமல் செய்கிற வேலைக்கு நம் மொழியில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று சேவை. இன்னொன்று வெட்டி. வேலையில் வித்தியாசம் இல்லை, செய்கிற ஆளில்தான் வித்தியாசம். மேல்சாதிக்காரர் கூலி வாங்காமல் செய்தால் சேவை, அவருக்கு மாலை மரியாதை உண்டு. சேரிக்காரன் கூலி வாங்காமல் செய்தால் அது வெட்டி. அது அவனுடைய கடமை, செய்யாவிட்டால் உதை. சேவைக்கு இப்போது தன்னார்வம் என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஓர் ஊரின் பாதையைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது என்று நான் நினைக்கிறேன்.

பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்றால் நல்ல நடைபாதை வேண்டும், சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டும், மலையைச் சுற்றி நிழலான நடைவழி வேண்டும் என்று படித்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இதற்கு யோசனை சொல்லத் தன்னார்வலர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழு இருந்தால் போதும் என்கிறார்கள். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. மாதம் ஒருமுறை கூடுவார்கள், சம்பளம் கிடையாது, நகர மன்றத்துக்கு யோசனை சொல்வார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. நான் சைக்கிள் தடத்துக்கு எதிரி இல்லை, சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வளர்ந்தவன். என்னுடைய கேள்வி வேறு. அந்தக் குழுவில் யார் உட்காருவார்கள்? அவர்களை உட்கார வைப்பது எது?

முதலில் வெட்டியைப் பற்றி. சோழர் காலத்துக் கல்வெட்டிலேயே வெட்டி என்ற சொல் இருக்கிறது. கூலியில்லாத கட்டாய உழைப்பு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு அந்த உழைப்பைத் தடை செய்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் எங்க தாத்தா சாவு சேதி சொல்லப் போனார். ஊரில் யார் செத்தாலும் அவர்களுடைய சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் அவர்தான் நடக்க வேண்டும். ராத்திரி, மழை எதுவும் கணக்கில்லை. பத்துப் பன்னிரண்டு ஊர் நடந்து திரும்பினால் இரண்டு படி கேவுரு கிடைக்கும், கிடைக்காமலும் போகும். இந்த வட்டாரத்தில் எந்த வரப்பு எங்கே முடியும், எந்த ஓடையை எந்த மாசத்தில் தாண்டலாம், எந்த ஒத்தையடிப் பாதையில் பாம்பு இருக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பாதையைப் பற்றி அவரிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. சேதி கொண்டு போக மட்டும் அவர் கால் வேண்டியிருந்தது.

அவர் நடந்தது நேர்வழியும் அல்ல. வழியில் வரும் ஒவ்வொரு ஊர்த்தெருவையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேரே போனால் நூறு அடி, சுற்றிப் போனால் ஒரு பர்லாங். திருவண்ணாமலைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த ஊரில் சுற்றி வருவது புண்ணியம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம். அவர்கள் விரும்பிச் சுற்றுகிறார்கள். எங்கள் ஆட்கள் ஊரைச் சுற்றியது விருப்பத்தில் அல்ல. காலுக்கு இரண்டும் ஒரே நடைதான். ஒன்றைப் பக்தி என்கிறோம், மற்றதைத் தீண்டாமை என்கிறோம். நடக்கிறவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்ததா என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோடு. தன்னார்வத்துக்கும் வெட்டிக்கும் நடுவில் இருப்பதும் அதே கோடுதான்.

எங்க நைனா ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். கொத்து வேலைக்கு டவுனுக்குப் போவார். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். தெருவைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போய், தாண்டியதும் மறுபடி ஏறுவார். "ஏன் நைனா எறங்கற, சைக்கிளு நம்மளுதுதான?" என்று கேட்டேன். "சைக்கிளு நம்மளுதுதாண்டா, தெரு அவங்களுதாச்சே" என்றார்.

தெரு யாருடையது என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு எதிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கக்கூடாது என்று அதற்குப் பிறகு அரசாணை வந்தது. அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. 1925இல் அது முடிந்தபோது மூன்று பக்கத்துச் சாலைகள் திறந்தன, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. உரிமையைக்கூட முக்கால் பங்கு அளந்து கொடுக்க இந்த நாட்டுக்குத் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் மூன்றாவது பிரிவில், பொது இடத்தில் ஒரு தலித் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம் என்று எழுதியிருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் சைக்கிள் என்ற சொல்லைக் குற்றச் சட்டத்துக்குள் எழுத வேண்டியிருந்தது. சைக்கிள் தடம் என்றதும் மற்றவர்களுக்குக் காற்று மாசும் உடல்நலமும் நினைவுக்கு வரலாம். எனக்கு நினைவுக்கு வருவது இந்தப் பிரிவுதான். பழங்கதை என்று சொல்லாதீர்கள். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில், 2023 ஜனவரி 30இல் போலீஸ் பாதுகாப்போடுதான் தலித் மக்கள் அம்மன் கோயிலுக்குள் முதல்முறையாகப் போக முடிந்தது.

தன்னார்வலர்களை நான் குறைத்துப் பேசவில்லை. மொட்டையாகிக் கிடந்த அண்ணாமலையில் மரம் நட்டவர்கள் இருக்கிறார்கள். கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. 2015-16இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு வேலையை நிறுத்தியது. அந்த மரங்களின் நிழல் நம் ஆட்கள் தலையிலும்தான் விழுகிறது, நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே பாதையில் பூ விற்கிறவர், இளநீர் வெட்டுகிறவர், பௌர்ணமி முடிந்த விடியலில் குப்பை வாருகிறவர் ஆகியோருடைய பாடு அந்தப் பேச்சில் எவ்வளவு இடம் பிடித்தது? மரத்துக்காக வாதாட ஆள் வருகிறார்கள், நல்லது. மரத்தடியில் பிழைக்கிறவள் மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரோடுதான் கோப்புக்குள் வருகிறாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் பாதை மேம்பாடு பற்றி நடந்த ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணி. கட்டட வேலையில் சனிக்கிழமைதான் வாரக்கூலி கொடுக்கிற நாள், அன்றைக்கு வேலைக்குப் போகாதவன் மேஸ்திரியிடம் பேசவே முடியாது. வந்திருந்தவர்கள் ஓய்வு பெற்ற அதிகாரிகள், டாக்டர்கள், கடைக்காரர்கள், சில கல்லூரிப் பிள்ளைகள். யாரும் கெட்டவர்கள் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். வெளியே ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். உள்ளே போகும் முன் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எந்த எடத்துல லைட் எரியல, எங்க தண்ணி தேங்கும், பொம்பளைங்க ஒதுங்க எங்க எடமே இல்ல, எல்லாம் எங்களுக்குத் தெரியும் தம்பி. பௌர்ணமிக்கு மறுநா விடிகாலையில வந்து பாரு, ஒரு ரோடு எப்பிடி இருக்கும்னு தெரியும்" என்றார். உள்ளே போய், இந்தச் சாலையில் வேலை செய்கிறவர்கள் ஒருவர்கூட இங்கே இல்லையே என்று கேட்டேன். ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "அவங்களும் தாராளமா வரலாமே. யார் தடுத்தாங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான். யார் தடுத்தார்கள்? யாரும் வாசலில் நின்று தடுக்கவில்லை. ஒருநாள் கூலி போய்விடும், அதுதான் தடுத்தது. கூலி போனாலும் பென்ஷன் வருகிறவருக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரம் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ அவருக்குச் சமைத்து, துவைத்து, கழிவை அள்ளிக் கொடுத்ததால் மிஞ்சிய நேரம் அது. அந்த நேரத்தை ஊருக்குக் கொடுக்கும்போது அவர் தன்னார்வலர் ஆகிறார். நேரத்தை அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தவர், வர மனமில்லாதவர், சமூக அக்கறை இல்லாதவர் ஆகிறார். தன்னார்வத்தைத் தகுதியாக வைத்தால் சாதி பெயரைச் சொல்லாமலே சாதி சலித்து எடுக்கப்பட்டுவிடும்.

"அவங்களுக்கும் சேத்துத்தான நாங்க பேசறோம்" என்பார்கள். அம்பேத்கர் 1919இலேயே சௌத்பரோ குழு முன் சாட்சி சொல்லும்போது இதற்குப் பதில் சொல்லிவிட்டார். கருத்துக்குப் பிரதிநிதி இருந்தால் மட்டும் போதாது, ஆளே அங்கே இருக்க வேண்டும் என்று வாதாடினார். நல்ல மனசு உள்ளவர்கூடத் தன் உடம்புக்குத் தெரிந்ததைத்தான் பேசுவார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது, முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே. பெண்களுக்கு எந்த சைக்கிள் ஏற்றது என்று படித்தவர்கள் குழு போட்டு யோசித்திருந்தால் இந்த முடிவுக்கு வந்திருப்பார்களா? தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டமும் 2001-02இல் பதினோராம் வகுப்புப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கியது, மற்றவர்களுக்குப் பிறகுதான் போனது. நகரத்தார் இன்றைக்குக் கண்டுபிடித்துப் பேசுகிற சைக்கிளை முதலில் மிதித்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.

2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்தக் கணக்கில் விவசாயக் கூலிகளும் வீட்டுத் தொழில் செய்கிறவர்களும் சேரவில்லை. காடு கழனிக்கு நடக்கிற நம் ஆயா எந்தப் பட்டியலிலும் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. ஆனால் நடப்பவர் என்றால் யார்? காலையில் உடம்பு இளைக்க நடப்பவரா, பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடப்பவரா? இருவருக்கும் வேண்டிய பாதை ஒன்றல்ல. ஒருவருக்குக் காலை ஆறு மணிக்கு நிழல் வேண்டும். மற்றவருக்கு ராத்திரி பத்து மணிக்கு விளக்கு வேண்டும், அந்த விளக்கு கடைத்தெருவோடு நின்றுவிடாமல் காலனி வரைக்கும் வர வேண்டும்.

பணம் கொடுத்தால் பணத்துக்காக வருகிறவர்கள் குழுவை நிரப்பிவிடுவார்கள் என்று இன்னொரு பேச்சு. இது பழைய பேச்சு. இங்கிலாந்தில் 1838இல் தொழிலாளர்கள் மக்கள் சாசனம் எழுதியபோது, நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கொடு என்பது அதன் ஆறு கோரிக்கைகளில் ஒன்று. சம்பளம் இல்லாவிட்டால் நிலப்பிரபு மட்டும்தான் அங்கே உட்கார முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். அது நிறைவேற 1911 வரை ஆனது. கூலி கொடுத்தால் மனசு கெட்டுவிடும் என்ற கவலை எப்போதும் கூலிக்காரனைப் பற்றி மட்டுமே வருகிறது, மாதச் சம்பளக்காரர்களைப் பற்றி வருவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும். நடைமுறையில் எத்தனை ஓட்டை என்பது வேறு விஷயம். கூடை வைத்து விற்கிறவள் யோசனை சொல்லத் தகுதியானவள் என்று ஒரு சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. பாதைக் குழுவுக்கும் அதே அளவுகோலை வைக்கலாம். பாதியிடம் அந்தப் பாதையில் வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கும் சைக்கிளிலும் கால்நடையாகவும் தினம் வேலைக்குப் போகிறவர்களுக்கும். அவர்களை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டம் நடக்கிற நாளுக்கு ஒருநாள் கூலி. கூட்டம் எப்போதும் மண்டபத்தில் அல்ல, முறை வைத்துக் காலனிகளில். குழு சொன்னதை மாமன்றம் தள்ளிவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இவ்வளவும் இல்லாத குழு யோசனைக் குழு அல்ல, வசதியானவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் திண்ணை.

நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாதை, மரம், சைக்கிள் எல்லாம் வசதிக்காரன் பிரச்சனை, நமக்கு நிலமும் கூலியும்தான் பிரச்சனை என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். தெருவில் இறங்கி நடக்கும் உரிமைக்காக நூறு வருஷமாகச் சண்டை போட்டவர்கள் நாம்தான். அந்தத் தெருவை எப்படிப் போடுவது என்று முடிவெடுக்கும்போது ஒதுங்கி நின்றால், போராடி வாங்கிய தெருவை மறுபடியும் அவர்களிடமே ஒப்படைக்கிறோம். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். போகும்போது கூலியையும் கேட்க வேண்டும். நம் பாட்டன் கூலியில்லாமல் நடந்தது போதும்.