சின்னத் திரைக்கு இது போதும்

சில வருடங்களுக்கு முன் ஒரு கடன் விண்ணப்பப் பக்கத்துக்கு வேலை செய்தேன். கணினியில் பார்த்தால் வட்டி, தாமத அபராதம், முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் என்று ஓர் அகலமான அட்டவணை இருக்கும். 360 பிக்சல் அகல ஃபோனில் அது அடங்கவில்லை. சாயங்காலத்துக்குள் முடிக்கணும். சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரி, ‘டிஸ்ப்ளே: நன்’. அட்டவணை மறைந்தது. பக்கம் பளிச்சென்று ஆனது. எல்லாரும் சூப்பர் என்றார்கள்.

2010-இல் ஈதன் மார்காட் ‘ரெஸ்பான்ஸிவ் வெப் டிசைன்’ கட்டுரையில் நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், மீடியா குவெரி என மூன்றைச் சொன்னார். ஒரே பக்கம் எந்தத் திரைக்கும் ஏற்ப ஒழுங்கை மாற்றிக்கொள்ளும். நான் மாற்றியது ஒழுங்கை இல்லை. ஒருவருக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதை.

லேப்டாப் வைத்திருப்பவர் நிபந்தனையைப் பார்த்துவிட்டுச் சம்மதிப்பார். ஃபோன் மட்டுமே உள்ளவர் பார்க்காமலே சம்மதிப்பார். இத்தனைக்கும் அட்டவணை அவர் ஃபோனுக்கு வராமல் இல்லை. அவர் டேட்டாவில்தான் இறங்கியது. கண்ணுக்கு மட்டும் காட்டவில்லை.

அப்போ எதையுமே மறைக்கக் கூடாதா? அலங்காரத்தை மறைக்கலாம். ஆனால் சின்னத் திரையில் தேவைப்படாத ஒன்று பெரிய திரையில் மட்டும் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று நான் கேட்கவில்லை. யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை; இடம் பற்றவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு வரிசையையும் ஒரு பெட்டியாக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். அரை நாள் ஆனது.

“ரொம்ப நீளமா இருக்கே” என்றார் மேலாளர்.

“நிபந்தனையே அவ்ளோ நீளம்தான் சார்.”