அடியாரை அறிய நடந்த அடிகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்னைக்கு மேற்கே உள்ள பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. இன்று அந்த நெடுஞ்சாலையில் வாகனங்கள் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகின்றன. ஸ்ரீவைஷ்ணவர்களுக்கோ இது திருக்கச்சி நம்பிகள் நடந்த வழி. மாசி மாதம் மிருகசீர்ஷ நக்ஷத்ரத்தில் பூவிருந்தவல்லியில் வைசிய குலத்தில் அவதரித்த நம்பிகள், தம் நந்தவனத்து மலர்களைக் கொய்து தொடுத்து, பேரருளாளனுக்குச் சாற்றுவதற்காக நடந்தே காஞ்சிக்கு எழுந்தருளினார் என்று பெரியோர் பணிப்பர். அங்கே அவர் செய்த கைங்கர்யம் திருவாலவட்டம் வீசுதல். வரதன் அவரோடு உரையாடினான் என்பது ஸம்ப்ரதாயம் முழுதும் அறிந்த செய்தி.

குருபரம்பரையைப் படிக்குங்கால், நம் பூர்வாசார்யர்கள் எவ்வளவு நடந்தார்கள் என்பது வியப்பளிக்கும். திவ்யதேசங்களை ஸேவிக்க நடந்தது ஒரு பகுதி. ஒருவரை அறிய, ஒருவரிடம் கேட்க, ஒருவர் திருவடியில் விழ நடந்தது மற்றொரு பகுதி. எம்பெருமான் எங்கும் உளன். அந்தர்யாமியாய் நம்முள்ளேயும் உளன். ஆகவே அவனை அறிய நெடுந்தூரம் நடக்க வேண்டுவதில்லை என்று ஒருவர் வாதிட இடமுண்டு. மனிதர் அப்படி எங்கும் நிறைந்தவர் அல்லர். ஓர் ஊரில், ஒரு தெருவில், ஒரு திண்ணையில் இருப்பவர். அவரை அறிய நாம் நடந்தே ஆக வேண்டுமா? கைப்பேசியிலேயே உபந்யாஸம் கேட்டு, உலகின் எந்த மூலையில் உள்ள பாகவதரோடும் நொடியில் பேசிவிடுகிற இக்காலத்தில் இக்கேள்வியைச் சற்றே ஆராய்வோம்.

நடந்து மக்களை அறிந்தவர் என்றால் உலகம் முதலில் நினைப்பது யாத்ரிகர்களை. 7ஆம் நூற்றாண்டில் சீன தேசத்திலிருந்து பாலைகளையும் பனிமலைகளையும் கடந்து பாரத தேசம் வந்த பௌத்தத் துறவி யுவான் சுவாங், ஏறத்தாழ 640ஆம் ஆண்டளவில் காஞ்சிக்கும் வந்தார். அவ்வூர் மக்கள் துணிவுடையவர்கள், நேர்மையானவர்கள், கல்வியைப் போற்றுபவர்கள் என்று எழுதிவைத்தார். அவர் அன்று எழுதியிராவிடில் பல்லவர் காலக் காஞ்சியைப் பற்றி நாம் அறிந்தது இன்னும் குறைவாகவே இருந்திருக்கும். அந்த உபகாரத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

ஆயினும் அது ஓர் ஊராரைப் பற்றி அறிந்த அறிவு. ஒருவரைப் பற்றி அறிதல் வேறு, அவரையே அறிதல் வேறு. முன்னதற்குக் கூர்ந்த கண்ணும் நல்ல நினைவாற்றலும் போதும். பின்னதற்கு அவர் முன் நாம் எந்த நிலையில் நிற்கிறோம் என்பதும் முக்கியமாகிறது. நம் குருபரம்பரை நடையைப் பற்றிச் சொல்லும் கதைகள் யாவும் இந்த இரண்டாவது அறிவைக் குறித்தே அமைந்திருக்கக் காணலாம்.

உடையவர் திருவரங்கத்திலிருந்து திருமலைக்கு எழுந்தருளியபோது நடந்ததை எண்ணிப் பார்ப்போம். வழியில் அஷ்டஸஹஸ்ரம் என்னும் கிராமத்தில் அவருக்கு இரு சீடர்கள் இருந்தனர். யஜ்ஞேசர் செல்வர், பருத்திக்கொல்லை அம்மாளின் கணவரான வரதாசார்யர் மிக்க வறியவர். யஜ்ஞேசர் இல்லத்தில் தங்கத் திருவுள்ளம் பற்றிய உடையவர், தம் வருகையைத் தெரிவிக்கும்படி இரு ஸ்ரீவைஷ்ணவர்களை முன்னே அனுப்பினார். ஆசார்யன் வருகிறார் என்று கேட்ட மகிழ்ச்சியில் யஜ்ஞேசர் வரவேற்பு ஏற்பாடுகளில் மூழ்கிவிட்டார். வெயிலில் நடந்து களைத்து வாசலில் நின்ற இருவரையும் உபசரிக்க மறந்தார். செய்தி அறிந்த உடையவர் வரதாசார்யரின் எளிய இல்லத்துக்கு எழுந்தருளிவிட்டார். யஜ்ஞேசர் பின்னர் வந்து கதறியபோது, பாகவதர்களை மதியாமற்போன குற்றத்தை எடுத்துரைத்துத் திருத்தி, பிறகு அவருக்கும் அருள்செய்தார்.

யஜ்ஞேசர் பொல்லாதவர் அல்லர். ஆசார்ய பக்தி நிரம்பியவர். பல்லக்கில் வந்து இறங்கியிருந்தால் அந்த இருவரும் அவரை நல்லவர் என்றே கண்டு சென்றிருப்பர். அவர் நெஞ்சில் இருந்த ஒரு சிறு குறை வெளிப்படுவதற்கு, களைத்த கால்களோடும் வறண்ட நாவோடும் இருவர் அவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. நடந்து வருபவனுக்கு நீர் வேண்டும், நிழல் வேண்டும், ஒரு பிடி அன்னம் வேண்டும். தேவையோடு வருபவனிடம் மனிதர் தம்மை மறைத்துக்கொள்ள இயலாது. நடப்பவன் பிறரை அறிவதற்கு முதற்காரணம் இதுவே.

பூவிருந்தவல்லிக்குச் சற்று மேற்கே, அதே காஞ்சி வழியில் உள்ளது திருமழிசை. அவ்வூரில் அவதரித்த ஆழ்வார் திருக்குடந்தை நோக்கிச் செல்கையில் பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் அமர்ந்தார். அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் இவரைக் கண்டதும், இவர் கேட்கத் தகாதவர் என்று எண்ணி ஓதுவதை நிறுத்தினார்கள். ஆழ்வார் குறிப்பறிந்து எழுந்து விலகியபின் மீண்டும் தொடங்க முயன்றபோது, விட்ட இடம் அவர்களுக்கு நினைவில் இல்லை. ஆழ்வார் ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டி, அவர்கள் மறந்த வாக்யத்தைக் குறிப்பால் உணர்த்தினார். வழிப்போக்கர் ஒருவரைத் தோற்றத்தால் அளந்தவர்கள், தாம் ஓதியதையே இழந்து நின்றார்கள். பின் அவர் பெருமை உணர்ந்து க்ஷமிக்க வேண்டினார்கள். அவ்வூருக்கு வெளியே ஓர் அடியும் வைக்காமல் அவர்கள் பெற்ற அறிவு அது. நடந்து வந்தவர் அவர்களுக்குக் கொடுத்துச் சென்றது.

அப்படியானால் நடையே மனிதரை அறிவிக்கும் என்று முடிவு கட்டிவிடலாமா? இயலாது. இதற்குச் சான்றும் திருக்கச்சி நம்பிகள் சரித்திரத்திலேயே இருக்கிறது.

காஞ்சியில் எழுந்தருளியிருந்த இளையாழ்வார், நம்பிகள் அமுதுசெய்த சேஷத்தைத் தாம் உட்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவரைத் தம் திருமாளிகைக்கு அழைத்திருந்தார். அழைத்துவர அவர் ஒரு வீதி வழியே போனார். நம்பிகளோ வேறொரு வீதி வழியே வந்து சேர்ந்தார். பெருமாள் கைங்கர்யத்துக்கு நேரமாகிறது என்று அவர் விரைந்ததால், இளையாழ்வாரின் தேவிகள் அமுது படைத்தார். நம்பிகள் அமுதுசெய்து புறப்பட்டுவிட்டார். உடனே அந்த அம்மையார் எஞ்சியதை அப்புறப்படுத்தி, இடத்தைச் சுத்திசெய்து, நீராடி, மீண்டும் தளிகை செய்யத் தொடங்கினார். திரும்பி வந்த இளையாழ்வார் கண்டது மெழுகிய தரையை மட்டுமே.

இங்கே இடையில் இருந்தது ஐம்பது கிலோமீட்டர் அல்ல, சில வீதிகள். பூவிருந்தவல்லியிலிருந்து நடந்து வந்தவர், வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்து, இலையில் உண்டு எழுந்தார். ஆனாலும் அவர் அங்கே அறியப்படவில்லை. அந்த அம்மையாரிடம் அன்னமிடுவதில் குறையில்லை. தாம் கற்ற ஆசாரத்தின்படியே நடந்தார். அவர் நம்பிகளின் குலத்தை அறிந்திருந்தார், நம்பிகளை அறிந்திருக்கவில்லை. வரதன் யாரோடு வாய்திறந்து பேசினானோ அவர் ஒரு நாழிகைப் பொழுது தம் முன் அமர்ந்திருந்தும், அறிவதற்கு அந்தப் பொழுது போதவில்லை. பாகவதர்களின் பிறப்பை ஆராய்வதை மிகக் கொடிய அபசாரங்களுள் ஒன்றாகப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் வைத்ததன் கருத்து இவ்விடத்தில் நன்கு விளங்கும். பிறப்பைப் பார்த்த கண்ணுக்கு ஆள் தெரிவதில்லை. திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் ஏழாம் பதிகத்தில் நம்மாழ்வார் எவ்வகைக் குலத்தவராயினும் எம்பெருமானுக்கு அடியராயின் அவரடியாரே தம்மை ஆள்பவர் என்று அறுதியிட்டதும் இந்தக் கண்ணோயைத் தீர்க்கவே.

ஆக, கால்கள் கடக்க வேண்டிய தூரம் ஒன்று. நெஞ்சு கடக்க வேண்டிய தூரம் மற்றொன்று. முதலாவது கடக்கப்பட்டும் இரண்டாவது அப்படியே நிற்கக்கூடும்.

இனி, நடையின் பயன் எதில் போய் முடிகிறது என்று பார்ப்போம். திருக்கோட்டியூர் நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் பெறுவதற்காக உடையவர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்பது ப்ரஸித்தம். ஒருமுறை செல்லவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். போய்வரும் தூரத்தைக் கூட்டினால் 3,600 கிலோமீட்டர் ஆகும். அர்த்தத்தை உபதேசிக்கச் சிறுபொழுது போதும். அதை முதல் நாளே அருளியிருக்கலாகாதா? நம்பி ஒவ்வொரு முறையும் திருப்பியனுப்பியதற்கு, கேட்பவரின் ஆர்த்தியைச் சோதித்தார் என்று பெரியோர் ஸமாதானம் கூறுவர். அதாவது, நடந்தவர் மட்டும் ஆசார்யனை அறியவில்லை. ஆசார்யனும் நடந்தவரை அறிந்துகொண்டிருந்தார். மனிதரை அறிதல் என்பது எப்பொழுதும் இருவருக்கிடையே நிகழ்வது. அறியச் செல்பவன் தன்னை அறியக் கொடுக்கவும் வேண்டும்.

பதினெட்டாம் நடையில் பெற்றதை உடையவர் என் செய்தார்? விருப்பமுள்ளோர் அனைவர்க்கும் வெளியிட்டார். இதை அவருடைய க்ருபையின் பெருமை என்று கொண்டாடுகிறோம், தகும். அந்தக் க்ருபைக்கும் அந்த நடைக்கும் உள்ள உறவையும் சேர்த்து நினைக்கலாம். அவ்வழியின் கல்லும் வெயிலும் அவருடைய திருவடிகள் அறிந்தவை. இத்தனை தூரம் நடக்க வலிமையில்லாதவர், நேரமில்லாதவர், வந்தாலும் வாசலில் நிறுத்தப்படுபவர் எத்தனை பேர் என்பது நடந்தவருக்கே தெரியும். தாம் பட்ட சிரமத்தைப் பிறரும் படட்டும் என்று எண்ணுவோர் உலகில் பலர். தாம் பதினெட்டு முறை நடந்ததால் இனி எவரும் நடக்க வேண்டா என்று வழியைச் சுருக்கியவர் எம்பெருமானார்.

நடக்க இயலாதவரை ஸம்ப்ரதாயம் கைவிட்டதும் இல்லை. வயது முதிர்ந்து நம்பிகளால் காஞ்சிக்கு நடக்க முடியாமற்போனபோது, வரதனே பூவிருந்தவல்லிக்கு வந்து ஸேவை ஸாதித்தான் என்பர். அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் திருவரங்கநாதனையும் திருவேங்கடமுடையானையும் உடன் ஸேவிக்கலாம். காஞ்சி, அரங்கம், திருமலை மூன்றும் நடக்க மாட்டாத ஒருவரின் ஊருக்கு வந்து நிற்கின்றன. ஆவடிக்கு அடுத்த திருநின்றவூரின் ஐதிஹ்யமும் இவ்வாறே. திருமங்கையாழ்வார் அத்தலத்தைப் பாடாமல் கடந்து சென்றார். என்னைப் பெற்ற தாயார் தூண்ட, பக்தவத்ஸலன் ஆழ்வாரைத் தொடர்ந்து சென்றான். திருக்கடல்மல்லையில் ஒரு பாசுரமும், மீண்டும் சென்று திருக்கண்ணமங்கையில் ஒரு பாசுரமும் பெற்றான். ஒரு மனிதரின் சொல்லுக்காக ஸர்வேச்வரன் அத்தனை தூரம் பின்தொடர்ந்தான்.

ஆகையால், வெளிநாட்டில் இருந்துகொண்டு கணினி வழியே வ்யாக்யானம் கற்கும் அன்பர்கள், தாம் நடக்கவில்லையே என்று குறைபட வேண்டியதில்லை. எம்பெருமானார் சுருக்கிக் கொடுத்த வழியில்தான் அவர்களும் வருகிறார்கள். ஆனால் அவர் சுருக்கியது அர்த்தத்துக்குச் செல்லும் வழியை. பக்கத்து வீட்டாரிடம் செல்லும் வழியை நமக்காக வேறு எவரும் சுருக்கித் தர முடியாது. அதை நாமேதான் நடந்தாக வேண்டும்.

ஆண்டுதோறும் புரட்டாசி ப்ரஹ்மோத்ஸவத்தை ஒட்டி, சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருமலைக்குச் செல்லும் திருக்குடைகள் வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியே எழுந்தருளுகின்றன. வழிநெடுக மக்கள் காத்திருந்து ஸேவிக்கிறார்கள். நடப்பவர்களுக்கு நீரும் மோரும் ப்ரஸாதமும் அளிக்கிறார்கள். பெயர், குலம், ஊர் எவரும் கேட்பதில்லை. யஜ்ஞேசர் மறந்ததை இச்சாதாரண மக்கள் மறப்பதில்லை. திருக்குடை கடந்த மறுநாளும் அதே வீதிகளில் மனிதர் நடக்கிறார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு விடியலில் நடந்து செல்லும் தொழிலாளருள் ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. எம்பெருமானார் எழுந்தருளிய புருஷோத்தம க்ஷேத்ரம் உள்ள நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஜகந்நாதனின் பெயரைச் சொன்னால் முகம் மலரும் அடியார் அவர்களிடையே இருக்கக்கூடும். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் நாடெங்கும் இத்தகையோர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தம் ஊர்களுக்கு நடந்தபோதுதான், இவர்கள் நம்மிடையே இத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்பதையே பலர் உணர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் ஒரே தெருவில் இருந்தவரை, அவர் நடந்து போகும்போதுதான் பார்த்தோம்.

இளையாழ்வார் நம்பிகளைத் தேடி ஒரு வீதியில் நடந்தபோது, நம்பிகள் மற்றொரு வீதியில் நடந்துகொண்டிருந்தார். நாம் திவ்யதேசங்களுக்கும் ஆசார்யர்களின் அவதார ஸ்தலங்களுக்கும் யாத்ரை செல்கிறோம், செல்லத்தான் வேண்டும். புறப்படுமுன் நம் தெருவில் மூன்று வீடு நடந்து, அங்கிருப்பவரின் பெயரையும் அவர் நெஞ்சில் உள்ள பெருமாளின் பெயரையும் கேட்டறிவது அந்த யாத்ரையின் முதலடியாக அமையலாம். அவர் அடியாராயின், அவரை அறிந்தது நம் பாக்யம். அல்லராயினும், எம்பெருமான் அந்தர்யாமியாய் உறையும் ஓர் ஆத்மாவை அறிந்தோம்; அதிலும் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

திருக்கச்சி நம்பி திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.