மாலையும் மானியமும்

பேராக்கில் தேர்தல் வாடை அடிக்கத் தொடங்கினால் ஆலயத் திருவிழாக்களில் முன்வரிசை நாற்காலிகள் கூடும். வேட்பாளருக்கு மாலை, பொன்னாடை, கையில் ஒலிபெருக்கி. முடிவில் கூரைக்கோ மண்டபத்துக்கோ ஒரு மானிய அறிவிப்பு. கொடுப்பவருக்கும் மகிழ்ச்சி, வாங்குபவருக்கும் மகிழ்ச்சி. இதில் அறப்பிழை எங்கே இருக்கிறது? பள்ளிவாசலில் கட்சிப் பிரசாரம் கூடாது என்பவர்கள் இதை எப்படி எடைபோட வேண்டும்?

சமயம் அரசியல் பக்கமே வரக்கூடாது என்பது கைக்கு எளிதாக எட்டும் விடை. தோட்டப்புற வரலாற்றின் முன் அது நிற்காது. பால்மரக்காட்டில் நிலம் கம்பெனியுடையது, லயத்து வீடும் கம்பெனியுடையது. தொழிலாளர்கள் தாங்களே காசு சேர்த்து எழுப்பியது மாரியம்மனுக்கோ முனீஸ்வரனுக்கோ ஒரு கோயில். வழிபாடு, வழக்குத் தீர்ப்பு, கூட்டம் எல்லாம் அங்கேதான். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது சனம் பெயர்ந்தது, கோயில் நின்றது. தலைமுறைகள் வழிபட்ட இடம் பதிவேட்டில் ஆக்கிரமிப்பு ஆனது. அந்த மக்களிடம் போய், கோயிலை விட்டுவிட்டு அரசியல் பேசுங்கள் என்று சொன்னால், பேச இருந்த ஒரே திண்ணையையும் பறித்ததாகும்.

2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தபோது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃப்பின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டனர். மறு ஆண்டு மார்ச் 8 பொதுத்தேர்தலில் பேராக்கில் தேசிய முன்னணி ஆட்சியே கவிழ்ந்தது. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைக் கையில் வைத்திருந்த மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு தோற்றார். அவரை வென்றவர் சமய மேடைக்காரர் அல்லர். கெஅடிலான் கட்சியின் சின்னத்தில் நின்ற மலேசிய சோசலிசக் கட்சியின் மருத்துவர் ஜெயகுமார் தேவராஜ், ‘அலைகள்’ அமைப்பின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுக்கும் சம்பளத்துக்கும் பல ஆண்டுகள் போராடியவர். கோயில் இடிபாட்டில் மூண்ட கோபம், வாக்குப்பெட்டிக்கு வரும்போது நியாயக் கோரிக்கையாக விரிந்திருந்தது.

அதே தேர்தலில் இன்னொரு வியப்பும் நடந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் 59 இடங்களில் எதிர்க்கட்சிகள் 31-ஐப் பிடித்தன: ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.) 18, கெஅடிலான் 7, பாஸ் 6. மாநில முதல்வரான மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்கவேண்டும் என்பது மாநில அரசியலமைப்பின் பொது விதி. ஜ.செ.க.விடம் அப்படி ஓர் உறுப்பினர் இல்லை. ஆறே இடங்கள் வைத்திருந்த பாஸ் கட்சியின் முகமட் நிசார் ஜமாலுடின் பதவியேற்றார். இஸ்லாமிய நாடு என்ற பழைய முழக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, மக்கள்நல நாடு என்று பேசி அந்த ஆண்டு பாஸ் வாக்குக் கேட்டிருந்தது. கட்சித் தாவலால் அந்த ஆட்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவானது. ஒருவரை அரசியலுக்கு அனுப்புவது அவருடைய இறைநம்பிக்கையாகவே இருக்கலாம். அவர் சொல்லும் காரணம் மாற்றுச் சமயத்தாரும் எடுத்து உரசிப் பார்க்கக்கூடியதாக இருந்தால், அவரோடு அவர்கள் சேர்ந்து நடக்கவும் தயங்குவதில்லை.

அப்படிப்பட்ட காரணம் இல்லாமல் அதிகாரம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஈப்போதான் சாட்சி. 2009-இல் இஸ்லாத்துக்கு மாறிய ஒருவர், பாலர்பள்ளி ஆசிரியையான தம் மனைவி இந்திரா காந்திக்குத் தெரியாமல், மூன்று பிள்ளைகளையும் மதமாற்றம் செய்தார். பிள்ளைகள் நேரில் வராமலே சான்றிதழ்கள் கிடைத்தன. அந்த ஆண்டே, பிள்ளைகள் பெற்றோரின் திருமணத்தின்போது இருந்த பொதுவான சமயத்திலேயே வளரவேண்டும் என்று அமைச்சரவை முடிவு சொன்னது. சட்டம் வரவில்லை. 2017-இல் திருமணச் சட்டத் திருத்தத்தில் அதற்காகவே சேர்க்கப்பட்டிருந்த 88ஏ பிரிவையும் அரசு மீட்டுக்கொண்டது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு தாயின் உரிமை, வாக்குக் கணக்குக்கு அஞ்சிய நாடாளுமன்றத்தில் கிடைக்காமல் நீதிமன்றத்தில் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இதற்குப் பெரும்பான்மைச் சமயத்தாரிடம் ஒரு மறுப்பு உண்டு. சமயம் எங்களுக்கு வாழ்க்கை முழுவதும். அதை வாசலில் கழற்றிவைக்கச் சொல்வது நியாயமா? நியாயமான கேள்விதான். யாரும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. நம்பாதவரையும் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு மட்டும், நம்பாதவருக்கும் புரியும் காரணம் சொல்லவேண்டும். சிறுபான்மையினர் பக்கமிருந்தும் ஒரு மறுப்பு வரும்: பொதுச் சட்டம் என்ற பெயரில்தானே தோட்டக் கோயில்கள் சட்டவிரோதம் ஆயின? உண்மை. நிலமே இல்லாதவனிடம் பட்டா எங்கே என்று கேட்கும் சட்டம் பார்வைக்குத்தான் நடுநிலை. ஆகவே பொதுக் காரணம் என்பதற்குள் அந்த உழைப்பின் வரலாறும் அடங்கவேண்டும்.

இனி மாலைக்கு வருவோம். 2008 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூச விடுமுறையைப் பிரதமர் அப்துல்லா படாவி அறிவித்தார். பேராக்கில் அது முன்பே இருந்தது. விடுமுறை நல்லதுதான், இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் உரிமையாக வரவேண்டியது தேர்தல் நேரத்துப் பரிசாக வரும்போது, பெறுபவர் நன்றிக்கடன் பட்டவராகிறார். கடன்பட்ட ஆலய நிர்வாகம் அடுத்த முறை குறை சொல்லத் தயங்கும். மேலும், “நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள் இந்தக் கட்சிக்கே போடவேண்டும்” என்று கோயில் மேடையில் சொல்லவிட்டவர்களுக்கு, பள்ளிவாசலில் அதே பேச்சு எழும்போது தடுக்க வாய் இருக்காது. 2022 மாநிலத் தேர்தலில் பாஸ் இடம்பெற்ற பெரிக்காத்தான் 26 இடங்கள், பக்காத்தான் 24, தேசிய முன்னணி 9. சமயத் தலைகளை எண்ணும் போட்டியாக அரசியல் மாறினால், பேராக்கில் பத்தில் ஒருவர் சொச்சம் இருக்கும் சமூகம் எந்தக் காலத்திலும் வெல்லாது. ஆகவே மேடையைக் கட்சிக்குத் தராதிருப்பது சிறுபான்மையினருக்கு நேர்மை மட்டுமல்ல, தற்காப்பும்கூட.

செய்யக்கூடியவை கைக்கெட்டாதவை அல்ல. பிரசாரக் காலத்தில் எந்த வேட்பாளரும் பக்தராக வரலாம், மேடையேற முடியாது என்று ஆலயங்களே விதி வகுக்கலாம். மானியம் யாருக்கு, எந்த அளவுகோலில் என்பதை மாநில அரசு முன்கூட்டியே வெளியிடலாம். பினாங்கில் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இந்து அறப்பணி வாரியம் இருக்கிறது. அதற்கும் அரசியல் நியமனச் சிக்கல் உண்டு என்றாலும், தேர்தலுக்குத் தேர்தல் தோன்றி மறையாத ஓர் அமைப்பு அது. பேராக்கின் பழைய தோட்டக் கோயில்களுக்கும் நிலப்பட்டா விண்ணப்பத்துக்குக் காலக்கெடுவும், மறுப்புக்கு எழுத்தில் காரணமும் வேண்டும்.

சலுகையாகக் கேட்டது மறுக்கப்பட்டால் அடுத்த தேர்தல்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. உரிமையாகக் கேட்டது மறுக்கப்பட்டால், அந்த ஈப்போத் தாயைப்போல நீதிமன்றப் படியேறலாம். மாலையோடு வரும் மானியம் முதலில் தின்பது அந்த உரிமையைத்தான்.