பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். இவன் அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்." இப்படிச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். பாசத்தில் சொல்கிறார், கோபப்படாதீர்கள். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு ஒரு மாதத்தைக்கூட வீணாக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இரண்டு வயது. இந்த வயது திரும்பி வராது!

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறது. 16 மாதமாகியும் ஒரு சொல் வரவில்லை. 24 மாதமாகியும் 'அம்மா வா' என்று இரண்டு சொல் சேரவில்லை. வந்திருந்த சொற்களும் மறைந்துவிட்டன. இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்க, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஆட்டிசம் இல்லையென்றால் நிம்மதி. இருக்கிறதென்றால் காலத்தோடு வந்துவிட்டீர்கள். எப்படியும் உங்களுக்கு நஷ்டமில்லை.

அம்மா, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதைச் சொல்வார்கள், வேலைக்குப் போனதைச் சொல்வார்கள், ஜாதகத்தையும் இழுப்பார்கள். தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேல்நாட்டு நிபுணர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். அது பொய் என்று ஆராய்ச்சி எப்போதோ தள்ளிவிட்டது. தடுப்பூசிதான் காரணம் என்று 1998-ல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் மேல் குற்றமில்லை. தலையை நிமிர்த்துங்கள்!

"எங்களுக்கு என்ன தெரியும், பெரிய டாக்டர் கிடைக்க வேண்டாமா" என்கிறீர்களா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2016-ல் முடிவு வெளியானது. பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை, அதற்கெனப் பழக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள். பிறகு அம்மாவோடு உட்கார்ந்து அதையே போட்டுப் பார்ப்பார்கள். "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா? நீங்கள் அதற்குள் வேறு பொம்மையை எடுத்துவிட்டீர்கள்." இப்படித்தான் பாடம். பெற்றோர் பிள்ளையின் போக்கைப் புரிந்து ஈடுகொடுக்கக் கற்றார்கள். பிள்ளைகளும் தாமாகவே தொடர்புகொள்ள முனைவது கூடியது. கோவாவில் முடிந்தது உங்கள் வீட்டுத் திண்ணையிலும் முடியும்!

இன்றைக்கே தொடங்கலாம். பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட்டை, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு டப்பாவில் போட்டு இறுக்கி மூடி அதன் கையில் கொடுங்கள். எதிரே தரையில் உட்காருங்கள். அதற்குத் திறக்க வராது. புரட்டும், தட்டும், சிணுங்கும். நீங்கள் அவசரப்படாதீர்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். டப்பாவை உங்கள் பக்கம் நீட்டும், அல்லது அரை நொடி உங்கள் முகத்தைப் பார்க்கும். அதுதான் கேட்பது! உடனே "திற" என்று சொல்லித் திறந்து ஒரு துண்டு மட்டும் கொடுங்கள். மறுபடி மூடுங்கள். குளிக்க வைக்கும்போது, சோறு ஊட்டும்போது, ஊஞ்சல் ஆட்டும்போது, எல்லா இடத்திலும் இதே கதைதான். தெரப்பிஸ்ட்டிடம் வாரத்துக்குச் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களிடம் இருக்கிறது. செல்போனை மட்டும் அதன் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்.

பணமில்லை என்று தயங்காதீர்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் (டி.இ.ஐ.சி.) வந்திருக்கின்றன. டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். பரிசோதனைக்கும் தெரப்பிக்கும் காசு கிடையாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. கூச்சமில்லாமல் கேளுங்கள், இது உங்கள் பிள்ளையின் உரிமை.

நகையை அடகு வைக்கச் சொல்லி, "ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆறே மாதத்தில் குணம்" என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆட்டிசம் மருந்தால் போகிற நோய் இல்லை. பிள்ளை உலகத்தைப் பார்க்கும் விதமே வேறு. முழுதாகப் பேசும் பிள்ளையும் உண்டு, படம் காட்டிக் கேட்கும் பிள்ளையும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதம் சிணுங்கியது இந்த மாதம் கை நீட்டுகிறதா? அதுதான் வெற்றி. அதைக் கொண்டாடுங்கள்!

அப்பாக்களே, "அவ பார்த்துக்குவா" என்று ஒதுங்கியது போதும். நாளை ஒரு நாள் லீவு போடுங்கள். பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். காலையிலேயே அரசு மருத்துவமனைக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.