சிற்றுயிரின் அழகும் காப்பவன் கடனும்

மனிதன் பிற உயிர்களைத் தன் இல்லத்தில் வைத்துப் பேணுவதற்குக் காரணங்கள் பலவாகும். பசு பால் தருகிறது. நாய் காவல் செய்கிறது. பூனை எலியை ஒழிக்கிறது. கிளி கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லி மகிழ்விக்கிறது. பயனோ உறவோ ஏதேனும் ஒன்று இவ்வளர்ப்புக்கு நியாயம் கற்பிக்கின்றது. ஆயின், உழைப்பும் தராமல், அழைத்தால் வரவும் அறியாமல், நிறம் ஒன்றையே செல்வமாகக் கொண்ட ஓர் உயிரைப் பெட்டிக்குள் அடைத்து வைத்து மகிழ்வது அறமாகுமா? வண்ண ஐசோபாடுகளை வீட்டில் வளர்க்கும் பழக்கம் இவ்வினாவை எழுப்புகின்றது.

ஐசோபாடு என்பது ஈர மண்ணிலும் மட்கிய இலைகளுக்கடியிலும் வாழும் சிற்றுயிர். பார்ப்பவர் அதைப் பூச்சியென்றே கருதுவர். உண்மையில் அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவினம். ஏழு இணைக் கால்கள் அதற்கு உண்டு. நிலத்துக்குக் குடிவந்த பின்னும் நீரின் தொடர்பை அது முற்றும் துறக்கவில்லை. அதன் மூச்சுறுப்புகள் உடலின் பின்பகுதியில் அடிப்புறத்தே அமைந்துள்ளன. ஈரம் வற்றினால் அது மடிந்துபோகும். தாய் தன் முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமந்து, குஞ்சுகள் வெளிவரும் வரை காக்கிறது. அதன் மேலோடு ஒரே முறையில் கழல்வதில்லை. பின்பாதி முதலிலும் முன்பாதி பின்னருமாகக் கழல்கிறது. சில இனங்கள் தொட்ட மாத்திரத்தில் உருண்டு, சிறு மணிபோல் ஆகிவிடும்.

உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பிய மரபியல், நண்டை நான்கறிவுயிராகக் கொள்கிறது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் ஆகிய நான்கும் நண்டின் உறவினமாகிய இவ்வுயிருக்கும் உண்டு. எனவே, ‘இது வெறும் பூச்சிதானே’ என்னும் சொல் அறிவியலுக்கும் பொருந்தாது. தமிழ் மரபுக்கும் பொருந்தாது. புலன் உள்ளவிடத்தில் துன்பத்துக்கும் இடமிருக்கக்கூடும். துன்பம் நேரக்கூடும் என்ற ஐயம் ஒன்றே அறமுடையவனின் கையைத் தயங்கச் செய்யப் போதுமானதன்றோ?

வளர்ப்போர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு பெட்டி, சிறிது மண், காய்ந்த இலைகள், மரத்துண்டு, முட்டையோட்டுத் தூள், அளவான ஈரம் ஆகிய இவையே அவ்வுயிரின் தேவைகள். இவற்றைப் பெற்ற ஐசோபாடு, பகைவர் அச்சமின்றி வாழ்ந்து பெருகுகிறது. கூண்டுப் பறவை இழக்கும் வானத்தைப்போல அது இழக்கும் பெருவெளி ஒன்றும் இல்லை. மேலும், உதிர்ந்த இலையை உரமாக்கும் அதன் தொழிலை நாள்தோறும் காணும் மாணவன், குப்பை என்று ஒதுக்கப்படுவதிலும் ஓர் ஒழுங்கு இயங்குவதை உணர்கிறான். நூலில் படித்த பாடம் அவன் கண்முன் உயிர்பெறுகிறது.

எனினும், அழகின்மேல் கொண்ட நாட்டம் வேட்கையாக மாறும்போது நிலைமை வேறாகிறது. தாய்லாந்தின் சுண்ணாம்புக் குகைப் பகுதிகளுக்குரிய ஓர் இனம், வாத்தின் முகம்போன்ற மஞ்சள் முகத்தால் ‘ரப்பர் டக்கி’ எனப் பெயர்பெற்று, 2017ஆம் ஆண்டளவில் வளர்ப்போர் சந்தைக்கு வந்தது. அது ஒரு முறையில் ஈனும் குஞ்சுகள் மிகச் சிலவே. ஆதலால் விலை உயர்ந்தது. அறிவியல் அதற்குப் பெயரிடுமுன்னரே வணிகம் அதற்கு விலையிட்டது. ஓர் உயிரை அறிந்துகொள்ளுமுன் உடைமையாக்கத் துடிக்கும் மனப்போக்குக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. விருப்பம் பெருகுந்தோறும் குகையிலிருந்து எடுப்போரின் கையும் நீளும்.

‘குன்றையே உடைப்போர் இருக்க, குகையில் சிலவற்றை எடுப்போரைக் குறைகூறுவதா?’ எனச் சிலர் கேட்கக்கூடும். பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்னும் சுண்ணாம்புக் குன்று கல்லுடைப்புக்கு இரையாகி, 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் முற்றும் மறைந்தது. அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு நத்தையினமும் அதனோடு அழிந்தது. பெரும் பிழை இருப்பது உண்மையே. ஆயின், அது சிறு பிழைக்கு விடுதலைச் சீட்டு ஆகாது. மாறாக, ஒரே குன்றை உலகமாகக் கொண்ட உயிர்கள் எத்துணை எளிதில் அழியும் என்பதையே அது உணர்த்துகிறது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. சில வேளைகளில் சாம்பல்நிற ஐசோபாடு ஒன்று கண்கவர் நீலமாகவோ ஊதாவாகவோ மாறுவதுண்டு. காண்போர் அதை அரிய வண்ணமென வியப்பர். அதுவோ ஐரிடோவைரசு என்னும் கிருமியால் நேர்ந்த நோய். அவ்வுயிர் நெடுநாள் வாழாது. கண் மகிழும் அதே நிறத்தில் உயிர் மாய்ந்துகொண்டிருக்கிறது! நிறத்தை மட்டும் காண்பவன் பரிசு பெற்றதாக எண்ணுகிறான்; உயிரைக் காண்பவனோ அது நோயென அறிந்து வருந்துகிறான். இரசிகனுக்கும் காப்பாளனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே, வளர்ப்பது அறமா என்னும் வினாவுக்கு விடை வளர்ப்பவனின் நோக்கத்திலும் நடையிலும் அடங்கியுள்ளது. காட்டிலிருந்தும் குகையிலிருந்தும் பறித்தவற்றை வாங்காமல், வளர்ப்பில் பிறந்தவற்றையே கொள்ளுதல். அதன் தேவைகளை முன்னரே கற்றுக்கொள்ளுதல். சலித்தபோது தோட்டத்தில் கொட்டி, அயலினத்தை மண்ணில் பரப்பாதிருத்தல் ஆகிய இம்மூன்றும் காப்பவனின் கடன்கள். இவற்றைச் செய்ய இயலாதவனுக்கு அழகை விரும்பும் உரிமை உண்டு. அதை உடைமையாக்கும் உரிமை இல்லை.

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்ததையும், பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும் தமிழ் போற்றுகிறது. அவர்கள் மயிலையோ முல்லையையோ தமதாக்கிக்கொள்ள ஈந்தாரல்லர். நன்றி கூற இயலாத உயிருக்குச் செய்யும் நன்மையே அருளின் உரைகல். விரல்பட்டதும் அஞ்சிச் சுருளும் ஒரு சிறு மணியின் முன்னும் மனிதனின் பண்பு அவ்வாறே சோதிக்கப்படுகிறது.